செட்டிநாட்டுல ஒரு மோதல்-காதல் நாவல் எழுதணுமா? அடிக்கடி கேக்குற கேள்விகள்

காரைக்குடில எங்க வீட்டு முகப்புல மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை கதை எழுதுற பிள்ளைக கூடுவாக. எழுதுனதைப் படிச்சுக் காட்டுவாக, நான் காபி போட்டுக் குடுத்துட்டு உக்காந்து கேப்பேன், தப்பு இருந்தா சொல்லுவேன். இப்போ சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர்ல இருந்தெல்லாம் வாட்ஸப்புல எபி (எபிசோட், அதாவது தொடர்கதையோட ஒரு பகுதி) அனுப்புறாக. எல்லாருக்கும் புடிச்ச கதை ஒண்ணே தான், முதல் எபில முட்டிக்கிற ரெண்டு பேரு கடைசி எபில சேரணும், நடுவுல சிரிப்பு வரணும், செட்டிநாட்டு வீடு இருக்கணும். வர்ற சந்தேகமும் திரும்பத் திரும்ப ஒண்ணே தான், அதனால ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்ட மாதிரியே இருக்கு.

ஆச்சி, மோதல் டு காதல்னா ரெண்டு பேரும் திட்டிக்கிட்டே இருந்து கடைசில கட்டிக்கிறது தானே?

இல்லத்தா. திட்டுறது வெறும் சத்தம், அதுக்குக் கீழ ஒரு காரணம் இருக்கணும், அந்தக் காரணம் ரெண்டு பக்கமும் நியாயமா இருக்கணும். எனக்கு வந்த ஒரு கதைல பையன் கார் சேத்தை வாரி அடிச்சுட்டுப் போயிருச்சுன்னு பொண்ணு இருபது எபி முறைச்சா. சோப்புப் போட்டா போயிரும் சேறு, அது எப்படி இருபது எபி தாங்கும்? மூணாவது எபிலயே எனக்கு அலுத்துப் போச்சு.

நான் எல்லாருக்கும் ஒரே உதாரணம் தான் சொல்லுவேன், இந்தப் பக்கம் முழுக்க அதையே வச்சுக்குறேன். பொண்ணு ஆர்க்கிடெக்ட், சென்னைல வேலை, பூர்வீக வீட்டை இடிக்க விடக்கூடாதுன்னு லீவு போட்டுட்டு வந்து நிக்கிறா. பையனுக்கு முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடை, பர்மா தேக்குத் தூணு, நிலை, பீங்கான் ஜாடி, எனாமல் தூக்குன்னு வாங்கி விக்கிறவன். அவ சொல்றா, தூணை உருவுனா மிச்ச வீடும் விழுந்துரும்னு. அவன் சொல்றான், ஓட்டு வழியா தண்ணி இறங்கி உளுத்துப் போறதுக்குப் பதிலா நான் எடுத்துக் குடுத்தா எங்கயோ ஒரு வீட்டுல இன்னும் நூறு வருசம் நிக்கும்னு. படிக்கிறவங்க ஒரு எபில அவ பக்கமும் அடுத்த எபில அவன் பக்கமும் சாயணும். அப்படிச் சாய வச்சுட்டீங்கன்னா பாதி நாவல் எழுதியாச்சு.

இது வெளிநாட்டுக்காரங்க ஐட்டம் தானே, நம்ம ஆளுகளுக்கு ஒட்டுமா?

ஊடலுக்குன்னு தனியா அதிகாரம் வச்ச மொழி நம்மளது. திருக்குறள் 1330 குறளும் முடியுற இடமே ஊடல் தான், 131 புலவி, 132 புலவி நுணுக்கம், 133 ஊடலுவகை. அதுல 1312ஆவது குறள்ல அவ கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருக்கா, அவன் வேணும்னே தும்முறான், தும்முனா "நீடு வாழ்க"ன்னு வாய் தொறந்து சொல்லித் தானே ஆகணும்! இதை விட லைட்டா ஒரு ரொமான்ஸ் சீன் இன்னைக்கு வரைக்கும் நான் படிக்கல.

ஆனா ஒண்ணைப் பிரிச்சுப் பாத்துக்கங்க. ஊடல் காதலுக்கு அப்புறம் வர்றது, ஏற்கனவே மனசு குடுத்தவங்க பிணங்கிக்கிறது. நீங்க எழுதுற மோதல் காதலுக்கு முன்னாடி வர்றது, ஒருத்தரை ஒருத்தர் நம்பக் காரணமே இல்லாத நிலைமை. கதை நடுவுல திரும்புன பிறகு அதே சண்டை ஊடலா மாறணும், வார்த்தை அதே மாதிரி இருக்கும் ஆனா அதுல இருந்த விஷம் போயிருக்கும். அந்த மாத்தத்தை எழுதுறதுக்குத் தான் இந்தக் கதையே.

செட்டிநாடு எதுக்கு ஆச்சி, பெரிய வீடு காட்டுறதுக்கா?

பெரிய வீடுன்னு எழுதிட்டு விட்டுட்டா அது சினிமா ஷூட்டிங் வீடு. 96 ஊருன்னு பழைய கணக்கு, இப்போ 70க்கு மேல இருக்கு, அதுல நிறைய வீடு வருசத்துல முக்காவாசி நாள் பூட்டிக் கிடக்கு. பர்மா, மலேயா, இலங்கைன்னு கொண்டு விக்கப் போன காலத்துல கட்டுனது, இப்போ பேரப்பிள்ளைக சென்னைலயும் அமெரிக்காவுலயும் இருக்காக. ஒரு கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கிறது), சாந்தி (அறுபதாம் கல்யாணம் மாதிரி)ன்னா தான் கதவு தொறக்கும். அந்தப் பூட்டு தான் கதைக்கு வேணும், வருசம் பூரா பூட்டிக் கிடக்குற வீட்டுக்காக ஏன் இவ்வளவு சண்டைங்கிறது தானே கேள்வி.

வீட்டைத் தெரிஞ்சுக்கிட்டா காமெடி தன்னால வரும். முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுத்தி இருக்குறதும்), ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு போயிக்கிட்டே இருக்கும், முன்வாசல் ஒரு தெருவுலயும் பின்வாசல் அடுத்த தெருவுலயும் தொறக்கும். அவ முன்வாசல்ல நின்னு "உள்ள விடமாட்டேன்"னு மறிச்சுக்கிட்டு இருக்கா, அவன் தெருவைச் சுத்தி வந்து மூணாங்கட்டுல அப்பத்தா கையால மோர் வாங்கிக் குடிச்சுக்கிட்டு இருக்கான். இதெல்லாம் வேற ஊரு வீட்டுல எழுத முடியாது.

சண்டைக்குக் காரணமா ரெண்டு பேருக்கும் ஒரே பூர்வீக வீட்டுல பங்கு இருக்குன்னு வச்சுட்டேன், சூப்பரா இருக்குல்ல?

ஐயோ, இதைத் தான் நான் அதிகமா திருத்துறேன். ஒரே வீட்டுல அப்பச்சி (அப்பா) வழில பங்கு இருந்தா ரெண்டு பேரும் பங்காளி, அண்ணன் தங்கச்சி முறை. எங்க ஆளுக யாராவது படிச்சா முதல் எபிலயே மூடி வச்சுருவாக.

நகரத்தாருக்கு, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியாருக்கு, ஒம்பது கோவில், இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. ஒரே கோவில்காரங்க ஒருத்தருக்கொருத்தர் பங்காளி, பொண்ணு குடுத்து எடுக்க மாட்டாக. இதுல இரணியூரும் பிள்ளையார்பட்டியும் வேற வேற கோவில்னாலும் அண்ணன் தம்பி முறை, அங்கயும் சம்பந்தம் கிடையாது. இளையாத்தங்குடி, மாத்தூர் ரெண்டுலயும் உட்பிரிவு இருக்கு, அதை எழுதப் போறீங்கன்னா வீட்டுப் பெரியவுக ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு எழுதுங்க. குழப்பம் வேணாம்னா பொண்ணுக்கு ஒரு கோவிலு, பையனுக்கு வேற கோவிலுன்னு முதல்லயே நோட்டுல எழுதி வச்சுட்டு ஆரம்பிங்க.

அப்போ ஒரே வீட்டுக்கு ரெண்டு பேரும் அடிச்சுக்கவே முடியாதா? எனக்கு அந்த சீன் தான் வேணும்

முடியும், அழகா முடியும். அயித்தை மகன்! பொண்ணோட அப்பச்சிக்கு ஒரு தங்கச்சி. அந்த அயித்தை இந்த வீட்டுல பிறந்தவ, ஆனா கல்யாணம் ஆகிப் போனதால அவ மகன் அவன் அப்பச்சியோட கோவில், முறைப்பையன். 2005ல இந்து வாரிசு உரிமைச் சட்டத்தைத் திருத்துனப்போ பூர்வீகச் சொத்துல மகளுக்கும் மகனுக்குச் சமமா பங்குன்னு வந்துருச்சு, அப்பா உயிரோட இருந்தாலும் இல்லாட்டியும் அந்த உரிமை உண்டுன்னு 2020ல உச்ச நீதிமன்றமும் சொல்லிருச்சு. ஆக அயித்தைக்கு வீட்டுல பங்கு, பொண்ணோட அப்பச்சிக்கும் பங்கு, பிள்ளைக ரெண்டும் எதிரெதிர்ல நிக்குது, கல்யாணமும் பண்ணிக்கலாம். முதல் கேள்வில சொன்ன கடைக்காரப் பையனே இந்த அயித்தை மகனா இருந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க!

ஒரு எச்சரிக்கை. 2004 டிசம்பர் 20க்கு முன்னாடியே பதிவு பண்ணின பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தா அதைத் திரும்பக் கிளற முடியாது. அதனால கதைல "பத்திரம் எழுதுனாக, ஆனா பதிவு பண்ணல"ன்னு ஒரு வரி வச்சுக்கங்க, அந்த ஒரு வரிக்காகவே வீட்டுக்குள்ள பெரியவுக பத்து எபி சண்டை போடுவாக. இன்னொண்ணு, சொந்த அயித்தை மகனைக் கட்டுறது பிள்ளைகளுக்கு நல்லதில்லைன்னு டாக்டருக சொல்றதால இப்போ படிச்ச பிள்ளைக யோசிக்கிறாக. உங்களுக்கும் உறுத்துனா ஒண்ணுவிட்ட அயித்தையா, அதாவது ஐயாவோட (தாத்தாவோட) தம்பி மகளா மாத்திக்கங்க, முறையும் நிக்கும், பங்கும் நிக்கும்.

ஹீரோ வெளியாள், ஒரு பங்கை விலைக்கு வாங்கிட்டு அந்த வீட்டுக்குள்ளயே வந்து குடியேறிடுறான். ஓகேவா?

வாங்கலாம், குடியேற முடியாது. பங்குக்காரர் ஒருத்தர் தன் பங்கை மட்டும் வெளியாளுக்கு வித்துக்க முடியும், முழு வீட்டை மத்தவங்க கையெழுத்து இல்லாம விக்க முடியாது. ஆனா பாகம் பிரிக்காத குடும்ப வீட்டுல பங்கு வாங்குன வெளியாள் "நானும் சேந்து குடியிருப்பேன்"னு கேக்க உரிமை இல்லைன்னு 1882 சொத்து மாற்றுச் சட்டம் 44ஆவது பிரிவுல இருக்கு. அவன் பாகம் பிரிச்சுக் குடுன்னு கேஸ் போடணும். போட்டான்னா குடும்பத்துல ஒருத்தர் "அந்தப் பங்கை நானே வாங்கிக்குறேன்"னு கோர்ட்ல கேக்கலாம், மதிப்புப் போட்டு அவங்களுக்கே குடுக்கச் சொல்லும், 1893 பாகப்பிரிவினைச் சட்டம் 4ஆவது பிரிவு.

இதைக் கேட்டதும் நிறைய பேரு மூஞ்சி வாடிரும், ஆனா இதுல தான் கதை இருக்கு. பொண்ணு அந்தப் பணத்தைப் புரட்டணும். எங்க போவா? பரண் மேல இருக்குற பழைய சாமானை விக்கணும். ஊர்ல நல்ல விலைக்கு எடுக்குறவன் யாரு? அவன் தான்! அவனை வீட்டை விட்டு விரட்டுறதுக்கு அவன்கிட்டயே போயி ஜாடிக்கு விலை பேசுறா.

கதாபாத்திரம் எல்லாம் செட்டியாரா தான் இருக்கணுமா?

கட்டாயமே இல்ல. ஆத்தங்குடில டைல்ஸ் போடுறவங்க, கல்யாண வீட்டுச் சமையல்காரங்க, தச்சு ஆசாரி, கண்டாங்கி நெய்யுறவங்க, பல தலைமுறையா வீட்டைப் பாத்துக்குற குடும்பம், எல்லாரும் சேந்தது தான் ஊரு. கண்ணாடித் தகடு மேல அச்சு வச்சு கலர் சிமெண்டை ஊத்தி, பின்னாடி மணல் சிமெண்ட் போட்டு, தண்ணில ஊற வச்சு எடுக்குறதைப் பாத்துருக்கீங்களா, கண்ணாடியை விட்டுப் பிரியுற வரைக்கும் பூ எப்படி விழுந்துருக்குன்னு தெரியாது. டைல்ஸ் பட்டறைப் பையனும், "நாப்பது வருசத்துக்கு முன்னாடி போட்ட அதே பச்சை வேணும்"னு நாலு தடவை திருப்பி அனுப்புற பொண்ணும்னு ஒருத்தர் எழுதுனாக, எனக்கு ரொம்பப் புடிச்ச ஆரம்பம் அது.

எல்லாரும் "ஆச்சி ஆச்சி"ன்னு கூப்பிட்டா செட்டிநாட்டு ஃபீல் வந்துருமா?

வராது, தப்பு தான் வரும். நகரத்தார் வீட்டுல ஆச்சிங்கிறது அக்கா. மரியாதைக்கு மத்த பொம்பளைகளையும் அப்படிக் கூப்பிடுவாக, ஆனா பாட்டியை ஆச்சின்னு எழுதாதீங்க. அப்பாவைப் பெத்தவ அப்பத்தா, அம்மாவைப் பெத்தவ ஆயா, தாத்தா ஐயா, அப்பா அப்பச்சி, அம்மா ஆத்தா, மாமா அம்மான், அத்தை அயித்தை, அத்தை மகன் அயித்தான், அண்ணன் பொண்டாட்டி அண்ணமிண்டி. பெரியவுகளைப் பத்திப் பேசுறப்போ "வந்தாக, சொன்னாக, அவுக". இதை எல்லார் வாயிலயும் எல்லா வரியிலயும் திணிக்கவும் வேணாம், சென்னைல வளந்த பொண்ணு கொஞ்சமா தான் பேசுவா, கோவம் வந்தா மட்டும் அப்பத்தா பேச்சு வெளிய வரும், அது தான் நிஜம்.

ரொமான்ஸ் மெதுவா ஏறுதுன்னு எப்படிக் காட்டுறது? எனக்கு டக்குனு ஐ லவ் யூ வந்துருது

நம்ம மொழில இருக்குற நீ, நீங்க ரெண்டையும் பிடிச்சுக்கங்க, அதுவே போதும். நம்ம பக்கம் நிஜமான சண்டைய "நீங்க"லயே போடுவோம். "நீங்க பண்றது உங்களுக்கே நல்லா இருக்கா"ன்னு கேட்டா அதுல இருக்குற வெட்டு "டேய்"ல இல்ல. முதல் பத்து எபி ரெண்டு பேரும் நீங்க, வாங்க, போங்க, ஆனா சுருக்குன்னு இருக்கணும். அவளோட மனசுக்குள்ள மட்டும் "அவன்".

அப்புறம் ஒரு நாள் அவசரத்துல, ஏணி சரியுற நேரம்னு வைங்க, "ஏய், தள்ளு!"ன்னு கத்திடுறான். முதல் "நீ". ரெண்டு பேரும் கவனிக்கிறாங்க, யாரும் அதைப் பத்திப் பேசல, மறுநாள் திரும்ப "நீங்க"ன்னு ஆரம்பிக்கிறான், அவளுக்குக் கோவம் வருது, எதுக்குன்னு அவளுக்கே புரியல. அதே சமயத்துல அவ அப்பத்தாகிட்ட பேசுறப்போ "அவன் வந்தான்" போயி "அவுக வந்தாக"ன்னு நழுவுது. அப்பத்தா ஒண்ணும் சொல்லாம வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டே ஒரு பார்வை பாக்குறாக. இது ரெண்டு போதும், ஐ லவ் யூ கடைசி வரைக்கும் வராட்டியும் யாரும் கேக்க மாட்டாக.

ரெண்டு பேரையும் எங்க எங்க சந்திக்க வைக்கலாம்? கோவில், பஸ் ஸ்டாண்ட் தவிர ஒண்ணும் தோணல

பல்லவன் எக்ஸ்பிரஸ். விடியக்காலைல காரைக்குடில ஏறுனா மத்தியானம் சென்னை, திரும்பி வர்றப்போ ராத்திரி ஆயிரும். பக்கத்துப் பக்கத்து சீட், ஆறேழு மணி நேரம், எறங்கிப் போகவும் முடியாது. வக்கீலைப் பாக்க ரெண்டு பேரும் ஒரே நாள் போறாங்கன்னு வச்சுட்டீங்கன்னா ஒரு எபி முழுக்க ஓடும்.

நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலை யாரும் எழுத மாட்டேங்குறாங்களேன்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம். தைப்பொங்கல் முடிஞ்சு வர்ற முதல் செவ்வாய்க்கிழமை கண்ணாத்தா கோவில் முன்னாடி அந்த ஊரு நகரத்தார் எல்லாரும் புள்ளி வாரியா, அதாவது கல்யாணம் ஆன ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கணக்கா, வரிசையா அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைப்பாக. யாருக்கு எந்த இடம்னு சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தான் முடிவாகும். எங்கெங்கயோ இருக்குறவுக எல்லாம் வந்துருவாக, பொண்ணு மாப்பிள்ளை பாக்குற பேச்சும் அங்கயே நடக்கும். இப்போ யோசிங்க, பேசிக்காத ரெண்டு குடும்பத்துக்கும் சீட்டுல பக்கத்துப் பக்கத்து அடுப்பு விழுந்துருச்சு. புகை இவுக கண்ணுக்கு அடிக்குது, அவுக விறகு நமத்துப் போச்சு, யாரு பானை முதல்ல பொங்குதுன்னு ரெண்டு அயித்தையும் ஓரக்கண்ணால பாக்குறாக.

சாப்பாட்டு சீன் கண்டிப்பா வேணுமாம், செட்டிநாடு சிக்கன் வச்சுடவா?

ஹோட்டல் போர்டுல இருக்குறதை வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. வெள்ளைப் பணியாரம் வைங்க, அது ஒரு பரீட்சை. டம்ளர்ல பச்சரிசியைத் தலை தட்டி அளந்து அதுக்கு மேல உளுந்தைக் கோபுரமா வச்சு, ரெண்டையும் சேத்து ஊறப் போட்டு, வெண்ணெயா ஆட்டி, உப்புப் போட்டு, கொஞ்சம் பால் விட்டுப் பதமாக்கணும். எண்ணெய் காஞ்சதும் நடுவுல ஒரே ஒரு கரண்டி. அது அடியில போயி, தன்னால மேல வந்து, பூரி மாதிரி உப்பி ஓரம் விரியும், திருப்பிப் போட்டு செவக்குறதுக்கு முன்னாடி எடுத்துரணும். ஒண்ணு எழும்பி வராம அடுத்ததை ஊத்தக்கூடாது. தொட்டுக்க வரமிளகாய்த் துவையல்.

அந்தப் பொறுமை அவளுக்கு இல்ல, ரெண்டு மூணா ஊத்தி எல்லாம் ஒட்டி செவந்து போகுது. கடைக்காரன், எப்பவும் விலையை இழுத்தடிக்கிறவன், அமைதியா ஒண்ணொண்ணா எடுத்து வெள்ளை வெளேர்னு அடுக்குறான், ஏன்னா பத்து வயசுல இருந்து அவன் ஆத்தா கூட நின்னு பழகுனவன். சாப்பாட்டு சீன்ல ருசியை எழுதாம கையை எழுதுங்க.

வெறுப்பு எந்த எபில மாறணும்?

நம்பர்ல இல்ல. அவன் தன்னை யாரும் பாக்கலைன்னு நினைச்சு ஒரு காரியம் பண்றப்போ அவ பாத்துடணும். அவ்வளவு தான் நான் சொல்ற ஒரே விதி. அவன் அவளைக் காப்பாத்துறது, ரவுடியை அடிக்கிறது எல்லாம் அவளுக்காகப் பண்றது. தன் வேலையை எப்படிப் பண்றாங்கிறதுல தான் ஆளு தெரியும்.

நம்ம உதாரணத்துல ஐப்பசி மழைன்னு வைங்க. வளவுல நாலு மூலையிலயும் ஓட்டுத் தண்ணி கொட்டுது, வச்ச அண்டா நிறைஞ்சு வழியுது. கரண்ட் இல்ல. அவ டார்ச்சோட வந்தா மேற்கு பக்கம் மேல்தளம் ஒழுகி, அவன் அளந்து வச்ச தூணு நனையுது, அவன் தன் கடை தார்ப்பாயைக் கொண்டு வந்து மேல கட்டிக்கிட்டு இருக்கான். சரி, தன் சரக்கைக் காப்பாத்துறான்னு நினைக்கிறா. அவன் போன பிறகு வெளிச்சத்தை உத்திரத்துக்கு அடிக்கிறா, ஒவ்வொரு கட்டைக்கும் அடியில சாக்பீஸ்ல எழுதியிருக்கு, கிழக்கு 3, கிழக்கு 4, தெற்கு 1. விக்கிறவனுக்கு எது எந்த மூலைன்னு எதுக்கு? திரும்ப மாட்டணும்னு நினைக்கிறவன் தான் எழுதுவான். அவ அந்த இடத்துலயே உக்காந்துடுறா. மறுநாள் காலைல சண்டை அதே மாதிரி நடக்கும், ஆனா நமக்குத் தெரியும் இனிமே அது ரெண்டாவது பதில்ல சொன்ன ஊடல்னு.

ஹீரோ கையைப் புடிச்சு இழுக்குறது, மிரட்டித் தாலி கட்டுறது, இதுக்குத் தான் கமெண்ட் குவியுது. வைக்கலாமா?

வேணாம். இதுல நான் கொஞ்சமும் இறங்கி வர மாட்டேன். எனக்கு எழுதி அனுப்புற பிள்ளைகள்ல பதினெட்டு பத்தொம்பது வயசுப் பொண்ணுக இருக்கு, மணிக்கட்டைத் திருகுனவனை இருபதாவது எபில கட்டிக்கிறது தான் காதல்னு அதுக மனசுல பதியக் கூடாது. அடிச்சவன் மேல வர்றது பயம், அதுக்குக் காதல்னு பேரு வைக்காதீங்க.

லைட்டான கதைக்கும் அது ஒட்டாது. ரெண்டு பேரும் சம பலத்தோட நின்னாத் தான் மோதல்ல சிரிப்பு வரும். அவன் விலை பேசுறதுல கெட்டி, அவ கணக்குல கெட்டி. அவன் ஊரைக் கையில வச்சிருக்கான், அவ அப்பத்தாவைக் கையில வச்சிருக்கா. எபிக்கு எபி யாரு ஜெயிச்சாங்கன்னு எண்ணிப் பாருங்க, ஒருத்தரே தொடர்ந்து மூணு தடவை ஜெயிச்சா திருத்துங்க.

கதை நடுவுல தொய்யுது. ஒரு வில்லி, இல்லன்னா ஒரு மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் போட்டுடவா?

"ஒரு நிமிசம் நான் சொல்றதைக் கேளு"ன்னு சொன்னா தீந்துபோற சண்டையை மட்டும் போடாதீங்க. தொய்வு வந்தா முதல் காரணத்துக்கே திரும்பிப் போங்க. சிங்கப்பூர் சித்தப்பச்சி கையெழுத்துப் போட ஒத்துக்கிட்டாக, வாங்குற ஆளு முன்பணத்தோட வந்துட்டாரு, அவன் இப்போ எந்தப் பக்கம் நிப்பான்? அவனுக்குக் கடை வாடகை இருக்கு, தங்கச்சி கல்யாணத்துக்கு முறைச்சிட்டை, அதாவது சீர் முறைப் பட்டியல், போட்டு வச்சிருக்காக. அது போதும், வில்லி தேவைப்படாது.

பொண்ணு செட்டியார், பையன் டைல்ஸ் பட்டறை, வேற ஜாதி. லைட்டான கதைல இதை எப்படிக் கையாளுறது?

கஷ்டமான கேள்வி தான். ஜாதியே இல்லாத மாதிரி எழுதுனா பொய், நம்ம ஊர்ல யாரும் நம்ப மாட்டாக. ரெண்டு குடும்பமும் ஒரு எபில கட்டிப்புடிச்சு அழுது ஏத்துக்கிட்டாலும் பொய். நிஜத்துல இதுல உயிர் போன வீடு நம்ம தமிழ்நாட்டுலயே இருக்கு, அதனால இதைச் சிரிப்புக்குள்ள மறைக்காதீங்க.

நான் சொல்றது, சிரிப்பு எல்லாம் அந்த ரெண்டு பேருக்கு நடுவுலயும் வேலையிலயும் இருக்கட்டும், ஜாதி வர்ற இடத்துல குரலை மாத்துங்க. அவன் பட்டறைல இருந்து வந்து எந்த வாசல் வழியா உள்ள வர்றான், அவனுக்கு எந்த டம்ளர்ல தண்ணி குடுக்குறாக, இதை அவ முதல்ல கவனிக்கவே இல்ல, அப்புறம் ஒரு நாள் கவனிக்கிறா. வீட்டுல ஒருத்தராவது கடைசி வரைக்கும் ஒத்துக்காம நிக்கட்டும். கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நடக்கட்டும், சிறப்புத் திருமணச் சட்டத்துல 30 நாள் நோட்டீஸ் இருக்கு, அந்த 30 நாளும் கதை தான். அதுக்கும் தெம்பு இல்லைன்னா முறை உள்ள ஜோடியையே எழுதுங்க, தப்பே இல்ல, ஆனா தொட்டீங்கன்னா முழுசாத் தொடுங்க.

கடைசில ஹீரோயின் வேலையை விட்டுட்டு ஊரோட வந்துடுறாளே, அது தானே முறை?

யாரு சொன்னா? அப்படி வந்த கதைக்கெல்லாம் நான் "அவன் என்ன விட்டான்?"னு ஓரத்துல எழுதி அனுப்புவேன். மோதல்ல சமமா இருந்தவங்க முடிவுலயும் சமமா இருக்கணும். அவ படிச்ச படிப்புக்கு இங்க வேலை இல்லாமயா இருக்கு, எத்தனை வீடு ஒழுகிக்கிட்டுக் கெடக்கு! அவ வரைபடம் போட, அவன் கடைல விக்க வச்சிருந்த நிலையும் உத்திரமும் உடைஞ்ச வீட்டுக்குத் திரும்பப் போகட்டும். வாரத்துல மூணு நாள் சென்னை, நாலு நாள் ஊருன்னு கூட வைக்கலாம், அதுக்குத் தான் பல்லவன் இருக்கே.

வீட்டையும் மறந்துடாதீங்க. படிக்கிறவங்க ஜோடி சேந்துச்சான்னு கேக்குற அளவுக்கு வீடு என்ன ஆச்சுன்னும் கேப்பாக. முழு வீட்டையும் மீட்டெடுக்கப் பணம் எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்ல முடியலைன்னா முகப்பையும் வளவையும் மட்டும் ஓடு மாத்துனாகன்னு முடிங்க, மிச்சம் தார்ப்பாய்க்கு அடியிலயே இருக்கட்டும்.

கடைசி எபி கல்யாணத்துல தான் முடியணுமா ஆச்சி?

கட்டாயம் இல்ல, ஆனா செட்டிநாட்டுக் கல்யாணத்தைக் கையில வச்சுக்கிட்டு விடவும் மனசு வராது. வளவு முழுக்கச் சாமான் பரப்பி வச்சிருக்குறது, பொண்ணுக்குக் கழுத்திரு (எங்க ஆளுக தாலி) பூட்டுறது, இதெல்லாம் எல்லாரும் எழுதுறாக. நான் சொல்றது இசைகுடிமானம். ரெண்டு வீட்டுப் பெரியவுகளும் இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம்னு எழுதி ஒப்பிக்கிற காகிதம், முன்னாடி ஓலைல எழுதுனது.

அயித்தை மகன் கதையா இருந்தா இதுக்கு முன்னாடி நாப்பது எபியா அயித்தையும் அப்பச்சியும், கூடப் பிறந்தவுக, ஒரு பத்திரத்துலயும் சேந்து கையெழுத்துப் போடல. இப்போ அந்தக் காகிதத்தை முகப்புல விரிச்சு வச்சிருக்கு. அப்பச்சி முதல்ல போடுறாக. பேனாவை எதிர்ப்பக்கம் நீட்டுறாக. அயித்தை வாங்கிக்கிட்டு, கண்ணாடி இல்லாம வந்துட்டதால, அண்ணன் கண்ணாடியை அவுக மூஞ்சில இருந்தே கழட்டி மாட்டிக்கிட்டு, எழுதியிருக்குறதை ஒரு வரி விடாமப் படிக்கிறாக. பொண்ணும் பையனும் தூணுக்குப் பின்னாடி மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. "ஊரு பேரு தப்பா எழுதியிருக்கு"ங்குறாக அயித்தை.